ஆறாவது மலையின் இறக்கம்

இந்தத் திருப்பத்தோடு படி முடிந்துவிடும், சரி, அடுத்த திருப்பத்தோடாவது முடியும் என்று நினைத்து நினைத்தே துளசிமணி ஒரு மணி நேரமாக ஏறிக்கொண்டிருந்தாள். படி என்று பேர்தான். ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், அதற்கடுத்தது படியே இல்லை, யாரோ பிடுங்கிப் போட்ட பாறாங்கல். வெள்ளியங்கிரியில் முதல் மலைதான் ஆளைத் தின்கிற மலை, அதைத் தாண்டிட்டா மிச்சம் ஆறும் தன்னால வந்துரும் என்று அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவந்தது சரிதான் போலிருக்கிறது. பொழுது இன்னும் முழுசாக விடியவில்லை. மூங்கில் புதருக்குள் ஒரு குருவி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. வெறுங்காலில் கல்லின் குளிர்ச்சி ஏறியது, அது சுகமாக இருந்தது, சுகமா, உனக்கு என்னடி இப்போ சுகம் கேக்குது, அங்க ஒரு மனுசன் நெஞ்சுல ஒயரை ஒட்டிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கறாரு என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். வைததும் கால் கொஞ்சம் வேகம் பிடித்தது. கையில் அவருடைய மூங்கில் தடி. ஆள் உயரம், பிடிக்கிற இடம் எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகப் பத்தொன்பது நீல வளையம். ஒவ்வொரு வருஷமும் மலை ஏறி இறங்கி வந்த மறுநாள், குளித்துவிட்டு, பட்டறையில் பம்புக்கு அடிக்கிற அந்த நீலப் பெயிண்டைச் சின்ன டப்பாவில் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் ஒரு கோடு போடுவார். லேத்தில் வேலை பார்த்த கை. ஒரு வளையம்கூடக் கோணியிராது.

இந்தத் தடி உச்சியைத் தொட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தொட்டால் அவர் கையெழுத்துப் போடுவார். போன வாரம் டாக்டர் படத்தைக் காட்டி மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ்தான், வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது சென்னியப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சம்மதப் பத்திரத்தை நீட்டியபோது வாங்கி நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். இன்னொருக்கா மலைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம் என்றார். நெஞ்சைத் தடவிக்கொண்டு கக்கூஸ் வரைக்கும் நடக்க முடியாத மனுசன். மகள் பிருந்தா அழுது பார்த்தாள், மருமகன் கூகுளில் இருந்து என்னென்னவோ வாசித்துக் காட்டினான், மசியவில்லை. கடைசியில் துளசிமணிதான், ஏதோ கோபத்தில், உங்களுக்குப் பதிலா நான் ஏறறேன், உங்க தடியைக் கொண்டுபோய் உச்சியில ஊன்றேன், அப்பவாச்சும் போடுவீங்களா என்று கேட்டாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உச்சி வரைக்கும் போனீன்னா போடறேன்" என்றார். சிரித்த மாதிரிகூட இருந்தது. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வயசுப் பெண்கள் ஏறக்கூடாது, நாற்பத்தைந்து தாண்டணும் என்று இந்த மலைக்கு ஒரு வழக்கம். அவளுக்கு நாற்பத்தைந்து தாண்டி எட்டு வருஷம் ஆயிற்று. எட்டு வருஷமும் மாசி மாசம் பிறந்தால் கேட்பாள், நானும் வரட்டுங்களா என்று. உனக்கு முட்டி போயிரும் என்பார். அடுத்த வருசம் பாக்கலாம் என்பார். அவர்தான் போவார்.

முட்டி போகவில்லை. அதுதான் அவளுக்கே அதிசயமாக இருந்தது. இரண்டாவது மலையில் இளவட்டங்கள் வழியெல்லாம் சாய்ந்து கிடந்தார்கள், ஒருத்தன் தண்ணீர்ப் பாட்டிலை நெஞ்சில் வைத்து அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான், ஜிம்முக்குப் போகிற உடம்பு, பனியனுக்குள் அடங்கவில்லை. அவள் அவனைத் தாண்டிப் போனாள். இருபத்தாறு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் சைடு பார்த்த கால் அல்லவா. ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, அறுந்த இழையைத் தேடித் தேடி ஒட்டிக்கொண்டு நடந்த நடை, கூட்டிப் பார்த்தால் இமயமலைக்கே போய்த் திரும்பியிருக்கலாம். அதை யாரும் மலை ஏறினதாகச் சொன்னதில்லை. இவள் காலை இவளே இப்போதுதான் பார்க்கிறாள். பித்தவெடிப்பு, நரம்பு சுருண்ட கெண்டைக்கால், வெள்ளி மெட்டி. ஏறுது பாரேன் என்று மனசுக்குள் சிரிப்பு வந்தது. எதிரே இறங்கி வந்த ஒருவர் தடியைப் பார்த்துவிட்டு நின்றார், வளையங்களை விரலால் எண்ணினார். "பத்தொம்பது மலையா சாமி? யாரோடதுங்க?" என்றார். "எங்கூட்டுக்காரரோடதுங்க" என்றாள். அவர் தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். இது மூன்றாவது ஆள். ஒவ்வொருத்தர் தொடும்போதும் அவளுக்கு முதுகெலும்பு ஒரு விரற்கடை நிமிர்ந்தது. வீட்டில் மனுசன் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார், சொன்ன சாமானை மறந்துவிட்டு சொல்லாத சாமானை வாங்கி வருவார், எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் பத்தொன்பது தடவை உச்சியைப் பார்த்தவர்.

முன்னால் பத்தடி தூரத்தில் ஆறுச்சாமி அண்ணன் போய்க்கொண்டிருந்தார். சென்னியப்பனோடு ஒரே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், மலைக்குப் போகிற செட்டில் முதல் ஆள். பதினொரு பேர் செட்டு அது. இப்போது மூன்று பேர் இல்லை, மிச்சப் பேருக்கு சர்க்கரை, முட்டுவலி, பேரன் பேத்தி. துணைக்கு வாங்கண்ணா என்று இவள் கேட்டபோது ஆறுச்சாமி உடனே வரேன் என்று சொல்லவில்லை. துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். "அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டார். அவருதான் போகச் சொன்னாரு என்றதும்தான் சரி என்றார். சாதாரணமாக வாய் ஓயாத மனுசன், இன்றைக்கு ஏனோ பேச்சே இல்லை. மூன்றாவது மலையில் கைதட்டிச் சுனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டுக்கடலையும் வெல்லமும் தின்றார்கள். கையைத் தட்டினால் தண்ணீர் வரும் என்று சென்னியப்பன் சொல்லியிருக்கிறார். தட்டினாள். பாறை இடுக்கில் நூல் போலத் தண்ணீர், தட்டினதால் வந்ததோ தானாக வந்ததோ, குடித்தாள், பல் கூசியது. அவர் சொன்ன மாதிரியே இருக்கிறதே எல்லாம். வேர் படிக்கட்டு போல் பின்னிக் கிடக்கும் இடம், ஒரு பாறையில் மூன்று குழி, இடது பக்கம் திடீரென்று விழுகிற பள்ளம், எல்லாம் அவர் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக வந்தது. ஏற்கெனவே வந்த வழி போலவே இருந்தது. இதைப்போய் எட்டு வருசமா வேண்டாம்னாரே என்று சிறிசாக ஒரு வருத்தம் குத்தியது, அதற்குள் மூச்சு வாங்கியது, வருத்தம் போய்விட்டது.

இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள். "வந்துருச்சுங்க சாமி, பக்கந்தான்" என்றார்கள். முதல் மலையிலேயே ஒருத்தர் பக்கம்தான் என்றார். நாலாவது மலையில் ஒருத்தர் இன்னும் பத்து நிமிஷம் என்றார், அது ஆகி ஒரு மணி நேரம். யாருக்கும் கோபம் வரவில்லை, ஏறுகிறவர்களும் சரிங்க சாமி என்று நம்பின மாதிரியே ஏறினார்கள். இந்த மலையில் மட்டும் அது பொய்க் கணக்கில் வராது போல. பிருந்தா பிறந்தபோது பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் இப்படித்தான், இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று ராத்திரி முழுக்கச் சொன்னாள். போன வாரம் இவருடைய டாக்டரும் பயப்பட ஒண்ணுமில்லைம்மா, இப்பல்லாம் இது சாதாரணம் என்றார். அது எந்தப் பொய்? நெஞ்செலும்பை அறுத்துத் திறப்பார்களாம், இதயத்தை நிறுத்தி வைப்பார்களாம், மருமகன் வாசித்துக் காட்டியபோது பிருந்தா அவனை முறைத்தாள். நிறுத்தினது மறுபடி ஓடுமா? மில்லில் கரண்ட் போய் வந்தால் நூல் நூற்கிற எல்லா ஃப்ரேமும் ஒரே நேரத்தில் ஓடாது, ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கும். சீ, வாயைக் கழுவு. மண் இங்கே வெளுப்பாக இருந்தது, திருநீறு போல, ஆட்கள் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்கள், அவளும் பூசி, ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொண்டாள். மரமெல்லாம் கீழே நின்றுவிட்டது. புல் மட்டும். திரும்பிப் பார்த்தாள், பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோயமுத்தூர் முழுக்கக் கீழே கிடந்தது. புகை மூட்டமும் வெயிலுமாக, கட்டடமெல்லாம் கொட்டி வைத்த உப்புக்கல் போல. அதில் எங்கேயோ அவள் நடந்த மில், எங்கேயோ அவர் பட்டறை, எங்கேயோ ஒரு மூணாவது மாடி ஜன்னல், அதற்குள் அவர். இவ்வளவு பக்கத்திலா இந்த மலை இருந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மேற்கே நீலமாகத் தெரியுமே, அதற்கு மேலேயா நான் நிற்கிறேன். எத்தனை அழகுடா சாமி. இந்த அழகையெல்லாம் பார்த்துவிட்டு வந்து அந்த மனுசன் பேசாமல் லேத்தில் நின்று இரும்பைக் கடைந்தாரே என்று அவர் மேல் புதுசாக ஒரு மரியாதை வந்தது.

ஐந்தாவது மலை முடிகிற இடத்தில் தனியாக ஒரு தட்டைப் பாறை. உட்கார்ந்து உட்கார்ந்து நடு மழமழவென்றிருந்தது. காற்று பலமாக வந்தது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆறுச்சாமி அதுவரை தூக்கி வந்த பையைத் தோளிலிருந்து கழற்றி, பாராமலே, அந்தப் பாறையில் சரியாக ஒரு மூலையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வேறெங்கோ பார்த்தபடி, "சரி, நீ பையைப் பாத்துட்டு இங்கயே உக்காந்திரு, நாங்க வெரசலாப் போய்ட்டு வந்துர்றோம்" என்றார். சொல்லிவிட்டு நாலடி நடந்தும் விட்டார். அப்புறம் நின்றார். நாங்கள் என்று சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை. அவர் கழுத்து மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. "வாம்மிணி, போலாம்" என்றார், குரல் மாறியிருந்தது. நாக்கு ஏதோ குழறியிருக்கும், அறுபது தாண்டின மனுசன், வெயில் வேறு என்று துளசிமணி நினைத்துக்கொண்டு எழுந்து போனாள். பத்தடி போனதும் ஆறாவது மலை இறங்கியது.

இறங்கியதென்றால் சும்மா இல்லை. ஒரு ஆள் போகிற வழி, இரண்டு பக்கமும் புல், புல்லுக்கு அக்கட்டால் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாசம். அந்த வழி நேராகக் கீழே போய், அடியில் ஒரு பள்ளத்தில் சுனையாகப் பளபளத்து, அந்தப் பக்கம் சுவர் போல எழுந்தது ஏழாவது மலை. இத்தனை பாடுபட்டு ஏறினதெல்லாம் இறங்கித் தொலைத்துவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். திரும்பி வரும்போது செத்த காலோடு இதே இறக்கம் ஏற்றமாக நிற்கும். அவள் நின்றாள். இறக்கம்னு ஒண்ணு சொல்லவே இல்லியே. கைதட்டிச் சுனையைச் சொன்னார், வேர்ப் படியைச் சொன்னார், பாறையில் குழியைச் சொன்னார், உச்சியில் மூன்று பெரிய கல் சாய்ந்து வாசல் மாதிரி நிற்பதைச் சொன்னார், அதற்குள் சின்ன லிங்கம், காற்றில் துண்டு பறந்து போனது, அந்தப் பக்கம் அணைத் தண்ணீர் தெரிவது, எல்லாம் சொன்னார். ஆறாவது மலை ஏறினம்னா ஏழாவது மலை என்றுதான் சொன்னார். ஏறினம்னா. பத்தொன்பது வருஷம், வருஷத்துக்கு நாலு தடவையாவது, வருகிற ஒறம்பரைக்கெல்லாம் உட்காரவைத்துச் சொல்வார், ஒரு தடவைகூட இறக்கம் என்கிற சொல் வந்ததில்லை. மறந்திருப்பாரோ. இதை மறக்க முடியுமா. ஈரத் துண்டை மறக்கலாம், சாமானை மறக்கலாம். ஒரே ஒரு தடவை இந்த வழியில் இறங்கின ஆள் செத்தாலும் மறக்க மாட்டான். வீட்டுக்கு வந்து முதல் பேச்சு, அடேங்கப்பா அந்த எறக்கம் இருக்குதே என்றுதான் இருக்கும். சொல்லவே இல்லியே. பாறையின் நடு மழமழவென்றிருந்தது. பையைப் பாத்துட்டு இங்கயே உக்காந்திரு. நாங்க போய்ட்டு வந்துர்றோம். அறுந்த முனை இரண்டும் கையில் வந்துவிட்டது, ஒட்டத்தான் அவளுக்குத் தைரியம் இல்லை.

"அண்ணா" என்றாள். "அவரு இதுக்கு அக்கட்டால வந்ததே இல்லீங்களா?" ஆறுச்சாமி தன் தடியால் புல்லைத் தட்டினார். "தலை சுத்துதும்பான்" என்றார். "மொத வருசம் நாலு அடி எறங்கிட்டான் அம்மிணி. அப்படியே குத்தவெச்சு உக்காந்துட்டான், புல்லைப் புடிச்சிட்டு. நாங்க ரெண்டு பேரு கைத்தாங்கலா மேல ஏத்தி விட்டம். மறுக்கா மறுக்கா வந்தான். வருசா வருசம் இந்த வருசம் எறங்கீருவண்டா ஆறுச்சாமிம்பான். இங்க வந்து நிப்பான். கொஞ்ச நேரம் நிப்பான். அப்புறம் பையைக் குடுத்துட்டுப் போங்கம்பான்." "உச்சியில வாசல் மாதிரி கல்லு நிக்குதுன்னெல்லாம் சொல்லுவாருங்களே." "அது இருக்குதே. பொய்யில்ல. நாங்க எறங்கி வந்ததும் புடிச்சுக்குவான், என்னடா பாத்தீங்க, காத்து எப்படி இருந்துச்சு, கல்லு எந்தப் பக்கஞ் சாஞ்சிருக்குதுன்னு ஒவ்வொருத்தனையா தோண்டித் துருவிக் கேட்டுட்டே வருவான், அடிவாரம் வர்ற வரைக்கும். எங்களுக்கு மறந்தது அவனுக்கு ஞாபகம் இருக்கும்." "பதினோரு பேர்த்துல ஒருத்தருகூட எங்கிட்டச் சொல்லல." "எதுக்குச் சொல்றது?" என்றார் ஆறுச்சாமி, அவருக்கே அது புதுசாகத் தோன்றின மாதிரி. "அவனும் எங்ககூட மலைக்கு வந்தவன்தான்."

கோபம் அப்புறம்தான் வந்தது, மெதுவாக. பொய் சொன்னாரே என்பதில்லை. அந்தப் பார்வை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளை அவ்வளவு நேரம் பார்த்தாரே, உச்சி வரைக்கும் போனீன்னா போடறேன் என்றாரே, அதற்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. இங்கே வந்து இவளும் நிற்பாள், தன்னைப் போல நிற்பாள், பார்ப்பாள், திரும்பி வந்துவிடுவாள், கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இந்த இறக்கத்தை நம்பித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார். எட்டு வருசமாக முட்டி போயிரும், முட்டி போயிரும் என்றது யார் முட்டியை? அட பாவி மனுசா, உசிரு போற காரியத்துலயுமா வெளையாடுவீங்க. தடியைத் தூக்கி அந்த ஆகாசத்தில் எறிந்துவிடலாம் போல இருந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்களே மூன்று பேர். நானும் நிமிர்ந்து நிமிர்ந்து நின்றேனே. ஆறுச்சாமி, "போதும்மிணி, திரும்பிரலாம், அவன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அவள் தடியை முன்னால் ஊன்றி ஒரு அடி இறங்கினாள். மண் சரசரவென்று நகர்ந்தது. காற்று சேலைக்குள் புகுந்து ஆளையே தூக்கப் பார்த்தது. இரண்டாவது அடியில் கண் தானாக ஓரத்துக்குப் போயிற்று, அங்கே ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாதது கூப்பிட்டது. அவளும் குந்தி உட்கார்ந்துவிட்டாள். கை புல்லைப் பிடித்தது. அப்போதுதான், இங்கேதான், இதே இடத்தில்தான் என்று தோன்றியது. முப்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டும் பார்க்காத மனுசனை அந்த இடத்தில் பார்த்துவிட்டாள். மீசையும் கீசையுமாக, நாற்பது வயசில், கூட்டாளிகள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, புல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உட்கார்ந்திருந்தது எவ்வளவு நேரமோ தெரியாது. ஆறுச்சாமி பின்னால் இருமினார். அவள் நினைத்துக்கொண்டிருந்தது மலையை இல்லை. உச்சியைத் தொட்டவனுக்கு அடுத்த வருஷம் வருவதில் என்ன கஷ்டம்? போன தடவை போனோம், இந்தத் தடவையும் போவோம், ஊர் நோம்பிக்குப் போகிற மாதிரி வந்துவிட்டுப் போகலாம். முடியாமல் போனவன் மறுபடி வருவானா? தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தும், ஐந்து மலை கால் தேய, அதே பத்துப் பேர் முன்னால், மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பானா? ஒரு தடவை நிற்கலாம். இரண்டு தடவை நிற்கலாம். பத்தொன்பது தடவை வந்து நின்றிருக்கிறாரே. அந்த வளையத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாரே, அது உச்சிக்குப் போட்டதில்லை போலிருக்கே, வந்து நின்றதற்குப் போட்டது. பொய்யும் சொன்னார், அதுவும் வாஸ்தவம். ஆனால் பொய்யிலும் மனுசன் யோக்கியன், ஊரார் கண்ணால் பார்த்த உச்சியைத்தான் கடன் வாங்கிச் சொன்னார். தன் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான், அதை மட்டும் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வந்தது சிரிப்பு. "என்னம்மிணி?" என்றார் ஆறுச்சாமி. "ஒண்ணுமில்லீங்கண்ணா, எறங்கலாம்" என்றாள். எழுந்தாள். ஃப்ரேமில் இழை அறுந்தால் வரிசையாகச் சுற்றுகிற மொத்தக் கதிரையும் பார்க்கக்கூடாது, அறுந்த ஒரு முனையைத்தான் பார்க்கணும் என்று மில்லில் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரியம்மா சொல்லிக் கொடுத்தது காலுக்கு ஞாபகம் வந்தது. தடியின் நுனியை மட்டும் பார்த்தாள். அது ஊன்றின இடத்துக்குக் கால் போனது. மறுபடி அது, மறுபடி கால். பயம் போகவில்லை, கூடவே இறங்கி வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

சுனைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டபோது ஒரு கணம் பேரே மறந்துபோகிற குளிர். அங்கிருந்து ஏழாவது மலை, அது மலையில்லை, சுவர்தான், சில இடத்தில் கையும் காலுமாகத் தொற்றினாள், நகக்கண்ணில் மண் ஏறியது, பாறை வெயிலில் சுட்டது. சொல்லி வைத்த மாதிரி ஒருத்தர் எதிரே வந்து "பக்கந்தான் சாமி" என்றார். இந்தத் தடவை நிஜமாகவே பக்கம். மூன்று பெரிய கல், இடது பக்கம் சாய்ந்து, வாசல் மாதிரி. இடது பக்கம் என்றுதான் அவரும் சொல்லியிருந்தார், கூட்டாளிகளில் எவனோ சரியாகப் பார்த்திருக்கிறான். உள்ளே குனிந்து போனாள். சின்ன லிங்கம், வாடாத வில்வம், கற்பூர வாசம், வெளியே காற்று போட்ட கூச்சல். கும்பிட வேண்டியதெல்லாம் வரிசையாக மனசில் வைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. தடியை லிங்கத்துக்கு முன்னால் கிடத்தி, இதுவும் மொதத் தடவையா வருது சாமி, பாத்துக்கோ என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்து அந்தப் பக்கம் பார்த்தால் அணைத் தண்ணீர், மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை, எல்லாம் பச்சை, எல்லாம் சும்மா இருந்தது. இத்தனை பெரிசாக இருந்துகொண்டு எப்படிச் சும்மா இருக்க முடிகிறது இதனால். வாயைப் பிளந்து பார்த்தாள். ஆறுச்சாமிகூட இருபதாவது தடவையாக வாயைப் பிளந்துதான் நின்றிருந்தார்.

போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. பிருந்தா எடுத்தாள், எடுத்ததும் அப்பாவின் காதில் வைத்துவிட்டாள் போல, மூச்சு மட்டும் கேட்டது. "ஏனுங்க, நாந்தான். உச்சியில நிக்கறேன்" என்றாள். காற்று இரைச்சலில் அவருக்குக் கேட்டதோ என்னவோ என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் குரல் வந்தது, ரொம்பச் சின்னதாக, "அந்த எறக்கம் எப்படி இருந்துச்சு துளசி?" என்று. பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது இப்போதுதான். அவள் ஆறுச்சாமியைப் பார்த்தாள், அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "பயமா இருந்துச்சுங்க" என்றாள். "ரெண்டு அடி வெச்சதும் உக்காந்துட்டேன். புல்லைப் புடிச்சிட்டு." "அப்புறம்?" "அப்புறம் எந்திரிச்சு எறங்கினேன்." "பயம் போயிருச்சா?" "எங்க போகும்? கூடத்தான் வந்துச்சு." அவர் மூச்சு விடுவது கேட்டது, இழுத்து இழுத்து, அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். "ஊட்டுக்கு வந்ததும் அந்தத் தடியில இருக்கற வளையத்தையெல்லாம் சுரண்டிப் போட்டுரு" என்றார். "எதுக்குங்க சுரண்டறது? அது பாட்டுக்கு இருக்கட்டும். போகமுடியாதுன்னு தெரிஞ்சே பத்தொம்பது தடவை வர்றதுக்கு இந்த மலையில வேற எந்த ஆம்பளைக்குத் தைரியம் இருக்குது. அதுக்குக் கீழ இன்னொண்ணு போட்டுக்கலாம். நீங்களே போடுங்க, எனக்குக் கோணிரும்." சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், அந்த ஒரு கோடு இருந்தது. மறுபடி காதில் வைத்தபோது அங்கே தலையணை நகர்கிற சத்தம், காகிதம் பிரிகிற சத்தம், அப்புறம் பிருந்தாவின் குரல், பதறிப்போய், கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த யாரிடமோ கேட்டது: "சிஸ்டர், பேனா இருக்குதுங்களா? அப்பாவுக்கு ஒரு பேனா வேணுமாம்."